யூரியா மூட்டை இல்லாத சோயா வயல்: பிரேசிலின் வேர்முடிச்சுக் கணக்கு

ஒரு டன் சோயா மணி விளைய, செடி ஏறத்தாழ 80 கிலோ தழைச்சத்தை (நைட்ரஜன்) எடுத்தாக வேண்டும். மணியில் ஐந்தில் இரண்டு பங்கு புரதம் இருப்பதால் வரும் பசி அது. பிரேசிலில் எக்டருக்கு மூன்றரை டன் என்பது இன்று சாதாரண விளைச்சல். அப்படியானால் எக்டருக்கு 280 கிலோ தழைச்சத்து. யூரியாவில் 46 விழுக்காடுதான் தழைச்சத்து. போட்டதில் துளிகூட வீணாகாது என்று வைத்துக்கொண்டாலும் 609 கிலோ யூரியா வேண்டும். நம் ஊர் 45 கிலோ மூட்டையில் பதின்மூன்றரை மூட்டை. பாதி ஆவியாகியும் நீரோடு இறங்கியும் போய்விடும் என்பதுதான் வயலில் நடப்பது. அந்தக் கணக்கில் 27 மூட்டை.

நான்கு கோடி எக்டருக்கு மேல் சோயா விதைக்கும் பிரேசிலில், அந்தப் பயிருக்கென்று யாரும் இப்படி யூரியா வாங்கிக் கொட்டுவதில்லை. எக்டருக்கான 50 கிலோ விதையில் ஏறத்தாழ 100 மில்லி பாக்டீரியாக் கரைசலைப் பிசறி விதைக்கிறார்கள். செடிக்கு வேண்டிய தழைச்சத்தில் முக்கால் பங்குக்கும் மேல் காற்றிலிருந்து, அந்தப் பாக்டீரியா வேரில் குடியேறும் சிறு உருண்டையான வேர்முடிச்சு வழியாக வந்துவிடுகிறது. உலகில் அதிகமாகச் சோயா விளைவிக்கும் நாடு இப்போது பிரேசில். அந்தச் சோயா பல நாடுகளில் கோழித் தீவனமாகவும் பன்றித் தீவனமாகவும் எண்ணெயாகவும் மாறுகிறது. இந்தியா இறக்குமதி செய்யும் சோயா எண்ணெயும் பெரும்பாலும் அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வருவதுதான். மண்ணுயிர் ஒரு நாட்டின் உணவு உற்பத்தியையே தாங்கிப் பிடிக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று இல்லை. ஆனால் அது தானாக நடந்துவிடவில்லை.

விதை வந்தது, பாக்டீரியா வரவில்லை

சோயா சீனப் பக்கத்துப் பயிர். பிரேசிலின் பாகியா மாநிலத்தில் 1882-இல் பயிரிட்டுப் பார்த்தார்கள். பரவலானது 1960-களில்தான். தெற்கே ரியோ கிராந்தே தோ சூல் மாநிலத்தில் கோதுமை அறுத்த நிலத்தில் கோடைப் பயிராக அது நுழைந்தது. விதை கடல் தாண்டி வந்தது, அதன் வேரில் குடியேறும் பிராடிரைசோபியம் என்ற பாக்டீரியா அந்த மண்ணில் இல்லை. பயறு வகைகளில் ஒவ்வொன்றுக்கும் தோதான பாக்டீரியா வேறு. வேர் கசியவிடும் ஐசோஃபிளேவனாய்டு பொருள்களை மோப்பம் பிடித்து, பதிலுக்கு ஒரு சமிக்ஞையைச் சுரக்கும் பாக்டீரியாவைத்தான் சோயாவின் வேர்த்தூவி உள்ளே விடும். மற்றவை வேரைச் சுற்றியே கிடக்கும், முடிச்சு வராது.

தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து பாக்டீரியாக் கலவையை வரவழைத்துப் பார்த்தார்கள். பிரேசிலின் சூட்டுக்கும் புளிப்பு மண்ணுக்கும் அது ஒத்துவரவில்லை. யூரியாவையே நம்பிவிடலாமா என்ற கேள்வி எழுந்த அந்தக் கட்டத்தில் உறுதியாக நின்றவர் யொஹான்னா டோபெரைனர். 1924-இல் செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து, போருக்குப் பிறகு ஜெர்மனியில் வேளாண்மை படித்து, பிரேசிலுக்குக் குடிபெயர்ந்தவர். ரியோ டி ஜெனிரோவை அடுத்த செரோபெடிக்காவில் மண் நுண்ணுயிர் ஆய்வுக்கூடம் நடத்தியவர். அவரும், தெற்கில் பாக்டீரியா இனங்களைத் திரட்டிக் காத்துவந்த ஜுவாவ் ருய் ஜார்டிம் ஃப்ரெய்ரியும் முன்வைத்தது ஒரே கொள்கை: சோயா ரகத் தேர்வு வயலில் தழைச்சத்து உரம் போடக் கூடாது, பாக்டீரியா மட்டும் கொடுக்க வேண்டும்.

இந்த முடிவின் கனம் வெளியே எளிதில் தெரியாது. தேர்வு வயலில் யூரியா போட்டால், முடிச்சே பிடிக்காத ரகமும் பச்சையாகச் செழித்து நிற்கும். எது சோம்பேறி, எது உழைப்பாளி என்று பிரித்துப் பார்க்க முடியாது. யூரியாவை நிறுத்தியதும் முடிச்சுப் பிடிக்காதவை மஞ்சளித்துத் தாமாகக் கழிந்தன. பத்து, இருபது ஆண்டுகள் இப்படிச் சலித்ததில், பாக்டீரியாவோடு நன்றாகக் கூட்டுச் சேரும் ரகங்களே விவசாயி கைக்குப் போயின. பயிர் வளர்ப்பும் நுண்ணுயிரியலும் ஒரே மேசையில் உட்கார்ந்து எடுத்த முடிவு இது. பிரேசிலின் வெற்றிக்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது எங்கள் கருத்து.

செராடோவில் தோற்றதும், மண்ணே தேர்ந்து தந்த இனமும்

அடுத்த சோதனை நாட்டின் நடுவில் விரிந்து கிடக்கும் செராடோ புல்வெளிக்காடு. கார அமில நிலை 5-க்கும் கீழே, கரைந்து வேரைக் கருக்கும் அலுமினியம், மணிச்சத்தோ (பாஸ்பரஸ்) கிட்டத்தட்ட இல்லை. எக்டருக்குப் பல டன் சுண்ணாம்புத்தூள் போட்டுப் புளிப்பைத் தணித்த பிறகுதான் வேரே இறங்கியது. சுண்ணாம்பும் மணிச்சத்தும் போட்ட புது நிலத்திலும் முதலாண்டில் முடிச்சு சரியாக வரவில்லை. புதிதாகத் திருத்திய மண்ணில் பெருகிய ஆக்டினோமைசீட்ஸ் நுண்ணுயிர்கள் சுரக்கும் ஸ்ட்ரெப்டோமைசின், விதையோடு வந்த பாக்டீரியாவைக் கொல்கிறது என்று ஆய்வாளர்கள் காரணம் சொன்னார்கள். அதைத் தாங்கும் இயல்பு செமியா 587, 29டபிள்யூ எனும் செமியா 5019 ஆகிய இரண்டு இனங்களுக்கு இருந்தது (செமியா என்பது பிரேசிலின் பாக்டீரியாத் தொகுப்பில் இனங்களுக்கு இடும் குறியீடு). புது நிலத்தில் அவைதான் நின்றன.

அதற்கடுத்து பிரேசிலியா அருகே இருக்கும், அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான எம்ப்ராபாவின் செராடோஸ் நிலையத்தார் செய்த வேலை மிக நுட்பமானது. செராடோ மண்ணில் முன்பு விட்ட ஒரு பாக்டீரியா இனம் பல ஆண்டுகள் வெயில், புளிப்பு, வறட்சி எல்லாவற்றையும் கடந்து பிழைத்துக் கிடந்தது. அந்த மண்ணில் வளர்ந்த சோயாவின் முடிச்சுகளிலிருந்து அதை மறுபடி பிரித்தெடுத்தார்கள். வலுவில்லாதவை மடிந்து மிஞ்சியவை அவை. அப்படி வந்தது செமியா 5079. இதோடு தழைச்சத்து நிலைநிறுத்துவதில் கெட்டிக்கார இனமான செமியா 5080-ஐயும் சேர்த்து 1990-களின் தொடக்கத்தில் பரிந்துரைத்தார்கள். இந்த நான்கு இனங்கள்தான் பிரேசில் சோயாவின் முதுகெலும்பு. வணிகக் கலவைகளில் பெரும்பாலும் இவற்றில் இரண்டு இருக்கும்.

சட்டமும் பக்கபலமாக நின்றது. கலவையின் ஒரு கிராமிலோ ஒரு மில்லியிலோ குறைந்தது 100 கோடி உயிருள்ள செல்கள், காலாவதி நாள் வரைக்கும் இருக்க வேண்டும். அங்கீகரித்த இனமாக இருக்க வேண்டும், வேறு நுண்ணுயிர் கலப்பு இருக்கக் கூடாது. இந்த எண்ணிக்கையைப் பின்னால் நம் ஊர்க் கணக்கோடு ஒப்பிடுவோம்.

விதைக்கும் நாளில் எங்கே கெடுகிறது

நல்ல இனம், நல்ல கலவை, நல்ல ரகம் மூன்றும் கிடைத்த பிறகும் முடிச்சு வராமல் போகிறதென்றால், தவறு பெரும்பாலும் விதைப்பு நாளன்று காலை ஐந்து மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் நடந்திருக்கும்.

அளவிலிருந்து தொடங்குவோம். ஒரு விதைக்குக் குறைந்தது 12 லட்சம் செல்கள் என்பது பிரேசிலின் பரிந்துரை. ஆயிரம் விதை 160 கிராம் என்றால் 50 கிலோவில் சுமார் 3,10,000 விதைகள். பெருக்கினால் ஏறத்தாழ 37,000 கோடி செல்கள் வேண்டும். மில்லிக்கு 500 கோடி செல் உள்ள கரைசல் என்றால் 75 மில்லி போதும். மில்லிக்கு 100 கோடி மட்டுமே என்றால் 370 மில்லி ஆகும். இங்கேதான் முதல் சிக்கல். பூஞ்சைக்கொல்லி, நுண்ணூட்டம், பாக்டீரியா எல்லாம் சேர்த்து 50 கிலோ விதைக்கு 300 மில்லி ஈரம்தான் தாங்கும். அதற்கு மேல் போனால் தோல் உப்பிச் சுருங்கி உரிந்துவிடும், முளைப்பு படுத்துவிடும். அதனால் செறிவு குறைந்த கலவையை ‘கூடக் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளலாம்’ என்று சரிக்கட்ட முடியாது. விலை கேட்பதற்கு முன் சீட்டில் செல் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்.

கரிமண் தூளில் வரும் கலவை என்றால், நூற்றுக்குப் பத்து வீதம் சர்க்கரை கலந்த நீர் 300 மில்லியை முதலில் 50 கிலோ விதையில் தெளித்துப் புரட்டி, பிறகு தூளைத் தூவிப் புரட்ட வேண்டும். சர்க்கரை ஒட்டுவதற்கு மட்டுமல்ல, செல்லைக் காய்ந்துபோகாமலும் சற்றுக் காக்கும். விதைக்கும் கருவியின் பெட்டியிலேயே விதையைக் கொட்டி, மேலே தூளைத் தூவி, குச்சியால் கிளறுவதுதான் மிகப் பரவலான தவறு. மேல் விதைக்கு ஒட்டும், அடி விதைக்கு ஒன்றும் சேராது. வயலில் அது பட்டை பட்டையாக மஞ்சளாகத் தெரியும். சுழலும் டிரம்மிலோ கான்கிரீட் கலவை எந்திரத்திலோ நிழலில் வைத்துப் புரட்டுவதே சரி.

அடுத்த எதிரி பூஞ்சைக்கொல்லி. பிரேசிலில் நடந்த சோதனைகளில், பூஞ்சைக்கொல்லி பூசிய விதையில் ஒட்டிய பாக்டீரியாவில் 2 மணி நேரத்தில் 62 விழுக்காடு வரையும், 24 மணி நேரத்தில் 95 விழுக்காடு வரையும் மடிந்திருந்தது. முந்தின நாள் இரவே இரண்டையும் கலந்து வைத்துவிட்டுக் காலையில் விதைப்பவர் ஏறத்தாழ செத்த பாக்டீரியாவைத்தான் விதைக்கிறார். வரிசை இதுதான்: முதலில் பூஞ்சைக்கொல்லி, அது காய்ந்த பின், கடைசியாக, விதைப்பதற்குச் சற்று முன்பாகப் பாக்டீரியா. பூச்சு தவிர்க்க முடியாத விதை என்றால் பாக்டீரியாவை விதையில் ஏற்றாமல் சாலில் விடலாம். விதைப்புக் கருவியில் சிறு குழாய் பொருத்தி, விதை விழும் பள்ளத்திலேயே எக்டருக்கு 50 லிட்டருக்குக் குறையாத நீரில் கலந்து இறக்குகிறார்கள். இதற்கு விதைநேர்த்தி அளவைப் போல் இரண்டரை மடங்காவது கலவை வேண்டும், ஏனென்றால் எல்லாச் செல்லும் வேர் வரும் இடத்தில் விழாது.

மாலிப்டினமும் கோபால்டும் கூட விதைநேர்த்தியில் கைகலப்பு உண்டாக்குபவை. காற்றுத் தழைச்சத்தை உடைக்கும் நைட்ரோஜினேஸ் நொதியின் மையத்தில் மாலிப்டினம் இருக்கிறது. கோபால்ட் இல்லாமல் பாக்டீரியா வேலை செய்யாது. எக்டருக்கு மாலிப்டினம் 12 முதல் 25 கிராம், கோபால்ட் 2 முதல் 3 கிராம் போதும். ஆனால் அந்த உப்புகளை விதையோடு சேர்த்தால் பாக்டீரியாவையே எரிக்கும். மூன்று முதல் ஐந்து இலைப் பருவத்தில் இலைவழித் தெளிப்பாகக் கொடுத்தால் இரண்டும் கெடாது.

இதற்கெல்லாம் மேல், காய்ந்த மண்ணில் விதைத்து மழைக்காகக் காத்திருப்பது. வெறும் தரையில் மேல்மண் 40 டிகிரியைத் தாண்டும். விதை பத்து நாள் பொறுத்துக்கொள்ளும், அதன் தோலில் இருக்கும் பாக்டீரியா பொறுக்காது. பரானா மாநிலத்தில் 1970-களில் தொடங்கி நாடு முழுக்கப் பரவிய உழாத சாகுபடி இங்கே பெரிய துணை. முந்தைய பயிரின் தட்டையும் வைக்கோலும் மூடியிருக்கும் மண் சூடேறாது, ஈரம் நிற்கும், முடிச்சு ஆழமாகவும் அதிகமாகவும் பிடிக்கும்.

பயிர் வெளிறினால் உடனே தழைச்சத்து கொடுத்துவிடும் பழக்கமும் முடிச்சுக்கு ஆகாது. எக்டருக்கு 20 கிலோவுக்கு மேல் தழைச்சத்து விதைப்பில் விழுந்தால் வேர் பாக்டீரியாவை அழைப்பதையே குறைத்துக்கொள்ளும். சும்மா கிடைப்பதை விட்டு, சர்க்கரை கொடுத்து வாங்குவானேன் என்பதுதான் செடியின் கணக்கு. 200 கிலோ தழைச்சத்து வரை போட்டுப் பார்த்த சோதனைகளிலும், பாக்டீரியா மட்டும் கொடுத்த வயலைவிட விளைச்சல் கூடவில்லை, முடிச்சு மட்டும் அழிந்தது.

மண்வெட்டியோடு ஒரு சோதனை

பூ எடுக்கும் தருணத்தில், விதைத்த 35 முதல் 45 நாளுக்குள், வயலின் பல இடங்களில் பத்துச் செடிகளைத் தோண்டுங்கள். பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும், ‘முடிச்சே இல்லை’ என்று தப்பாக முடிவு கட்டுவீர்கள். செடியைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, மண் தானாகக் கரையும்வரை விட வேண்டும்.

ஒரு செடிக்கு 15 முதல் 30 பருத்த முடிச்சுகள் இருந்தால் நல்லது. மிளகு அளவுக்குப் பெரியவைதான் கணக்கு. கடுகு போல நூறு இருந்தால் அது செழிப்பின் அடையாளம் இல்லை. ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு தெரிய வேண்டும். அந்த நிறம் லெக்ஹீமோகுளோபின். நம் ரத்தத்தில் இருப்பதற்கு உறவுக்காரப் பொருள். நைட்ரோஜினேஸுக்கு ஆக்சிஜன் நஞ்சு, பாக்டீரியாவுக்கோ மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இரண்டையும் சமாளிக்க, ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக மட்டும் விடுவது இந்தச் சிவப்பின் வேலை. உள்ளே வெள்ளையாக இருந்தால் முடிச்சு இன்னும் இளசு, அல்லது வேலை செய்யாத இனம் புகுந்திருக்கிறது. பச்சையோ பழுப்போ என்றால் அது ஓய்ந்துவிட்டது. காய் முற்றும் பருவத்தில் அப்படியாவது இயல்பு, பூக்கும்போதே என்றால் வறட்சியோ நீர்த்தேக்கமோ நடந்திருக்கிறது.

முடிச்சு எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஆணிவேரின் மேற்பகுதியில், தண்டுக்குச் சற்றுக் கீழே கொத்தாக இருந்தால் விதைநேர்த்தி பலித்திருக்கிறது. பக்கவேர்களில் மட்டும் சிதறியிருந்தால் விதையில் ஏற்றியது செத்துவிட்டது, மண்ணில் பழையதாகக் கிடந்த பாக்டீரியாதான் தாமதமாக வந்து பிடித்திருக்கிறது. அந்த விவசாயிக்கு அந்த ஆண்டு பெரிய நஷ்டம் தெரியாது. அதனாலேயே தவறு அடுத்த ஆண்டும் தொடரும்.

மண்ணில்தான் இருக்கிறதே, ஆண்டுதோறும் ஏன்?

ஒரு முறை விட்ட பிராடிரைசோபியம் மண்ணில் பல ஆண்டு இருக்கும். அப்படியிருந்தும் பழைய சோயா நிலங்களில் ஒவ்வோர் ஆண்டும் விதைநேர்த்தி செய்தால் சராசரியாக 8 விழுக்காடு விளைச்சல் கூடுகிறது என்று லோன்றினாவில் உள்ள எம்ப்ராபா சோயா நிலையத்தின் மரியாஞ்செலா ஹுங்ரியாவும் அவர் குழுவினரும் பல பருவ வயல் சோதனைகளில் காட்டினார்கள். காரணம் எளிது. மண்ணில் இருப்பது பரவிக் கிடக்கிறது, பாதி உறங்குகிறது. விதையில் இருப்பது முதல் வேர் நீளும் நொடியில் பக்கத்தில் நிற்கிறது. முதல் முடிச்சு ஒரு வாரம் முந்தினால் செடி மஞ்சளிக்கும் இடைவெளி இல்லாமலே வளர்கிறது.

2010-களில் இதோடு அசோஸ்பைரில்லம் என்ற இன்னொரு பாக்டீரியாவையும் சேர்த்தார்கள். ஏபி-வி5, ஏபி-வி6 என்ற இரு இனங்கள். இவை முடிச்சு போடுவதில்லை. ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கியைச் சுரந்து வேர்த்தூவியைப் பெருக்குகின்றன, வேர்த்தூவி கூடினால் பிராடிரைசோபியம் நுழைய வாசல் கூடுகிறது. இரண்டும் சேர்த்தபோது சராசரிக் கூடுதல் 8-இலிருந்து 16 விழுக்காடானது. ஒரு எச்சரிக்கை: விதைக்கு 1,20,000 செல் என்ற அளவில் நிறுத்த வேண்டும். ஆக்சின் மிஞ்சினால் வேர் குட்டையாகும். ஹுங்ரியாவுக்கு 2025-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு கிடைத்தது இந்த வேலைக்காகத்தான்.

மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டியவையும் உண்டு. சோயா மண்ணை வளப்படுத்திவிடும் என்பது பாதி உண்மை. செடி எடுத்த தழைச்சத்தில் பெரும்பகுதி மணியோடு லாரியேறிப் போய்விடுகிறது, மண்ணுக்கு மிச்சம் சொற்பம். மணிச்சத்துக்கும் சாம்பல்சத்துக்கும் (பொட்டாசியம்) பாக்டீரியா மாற்றாகாது. பிரேசில் இன்றும் தன் உரத் தேவையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. செராடோவின் இயற்கைப் புல்வெளிக்காட்டில் பெரும்பரப்பு இந்தப் பயிருக்காக அழிந்ததையும் பாக்டீரியாவின் பெருமையைக் காட்டி மறைக்க முடியாது. ஆனாலும் 2022-இல் உர விலை எகிறியபோது மக்காச்சோளத்துக்குத் தழைச்சத்து வாங்கத் திணறிய அதே விவசாயிகள் சோயாவுக்குத் தழைச்சத்து கவலையின்றி விதைத்தார்கள். இதன் பலன் அந்த அளவுக்குத்தான்.

நம் ரைசோபியம் பொட்டலம்

தமிழ்நாட்டில் நிலக்கடலைக்கும் உளுந்துக்கும் எக்டருக்கு மூன்று பொட்டலம், அதாவது 600 கிராம் ரைசோபியம், ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பிசறி, அரை மணி நிழலில் உலர்த்தி விதைக்கச் சொல்கிறார்கள். கஞ்சியின் வேலை பிரேசிலில் சர்க்கரைக் கரைசல் செய்யும் வேலைதான். முறையில் குறையில்லை, எண்ணிக்கையைப் பாருங்கள். இந்தியாவின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி தூள் வடிவ ரைசோபியத்தில் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி செல்கள் இருக்க வேண்டும். 600 கிராமில் 3,000 கோடி. எக்டருக்கு 125 கிலோ நிலக்கடலைப் பருப்பு, பருப்பு ஒன்று 0.4 கிராம் என்றால் சுமார் 3,10,000 விதைகள். விதைக்கு ஏறத்தாழ 96,000 செல்கள்தான் வருகின்றன, பிரேசில் கேட்கும் 12 லட்சத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. உளுந்தில் விதை சிறிது, எண்ணிக்கை அதிகம் என்பதால் இன்னும் குறையும். நல்ல உற்பத்தி நிலையத்தின் புதுப் பொட்டலத்தில் இதைவிடக் கூடுதலாக இருக்கலாம், ஆனால் தகரக் கூரைக் கடையில் ஒரு கோடை கழித்த பொட்டலத்தில் குறைந்தபட்சமாவது மிஞ்சியிருக்குமா என்பதுதான் கேள்வி.

நம் மண்ணில் கடலைக்கு முடிச்சு போடும் பாக்டீரியா ஏற்கெனவே நிறைய உண்டு. அதனால் வெறும் விதையிலும் முடிச்சு வரும், பொட்டலம் பலித்ததா என்று கண்ணால் சொல்ல முடியாது. உற்பத்தித் தேதி இரண்டு மாதத்துக்குள் உள்ள, கடலைக்கென்றே தயாரித்த பொட்டலமாக வாங்குங்கள். பூஞ்சைக்கொல்லி நேர்த்தியை முந்தின நாளே முடித்துவிட்டு, பாக்டீரியாவை விதைப்பன்று காலையில் ஏற்றுங்கள். வயலின் ஓரமாக இல்லாமல் நடுவில் நான்கு சால் மட்டும் ரைசோபியம் இல்லாமல் விதைத்து, அந்தச் சால்களின் எல்லையில் ஒரு குச்சி நட்டுவையுங்கள். முப்பத்தைந்தாம் நாள் குச்சிக்கு இந்தப் பக்கம் ஐந்து செடி, அந்தப் பக்கம் ஐந்து செடி பெயர்த்து, வாளியில் அலசி, ஆணிவேர்த் தலைப்பில் இருக்கும் முடிச்சுகளை எண்ணிப் பிளந்து பாருங்கள்.